வாய்விட்டுச் சொன்னால் என்ன?

கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு முடித்து வந்த என் பெரியம்மா, எட்டு மாதம் கழித்து உதிரம் கண்டபோது எவரிடமும் கூறவில்லை. நோய் திரும்பிவிட்டதோ என்ற அச்சம் பாதி. ஆண்கள் நடமாடும் வீட்டில் அதை எப்படிச் சொல்வது என்ற கூச்சம் மீதி. இரண்டில் கூச்சமே கொடியது என்பேன்.

அச்சத்திற்காவது காரணம் உண்டு. இந்நோய் திரும்ப வருவதானால் பெரும்பாலும் முதல் 2, 3 ஆண்டுகளுக்குள் வருகிறது. ஆகவேதான் முதல் 2 ஆண்டுகளில் 3 முதல் 6 மாதங்களுக்கு ஒருமுறை வரச் சொல்கிறார்கள். ஆனால் உதிரமெல்லாம் புற்றுநோய் அன்று. கதிர்வீச்சே யோனிச் சுவரை உலர்த்தி மெலியச் செய்யும், அதனாலும் கசியும். குடலிலும் சிறுநீர்ப்பையிலும் அதன் விளைவு ஆண்டுகள் கழித்தும் தலைகாட்டலாம். எது எதனால் என்பதை மருத்துவர் சோதித்துத்தான் சொல்ல முடியும். அடுத்த வீட்டு அக்காவால் முடியாது.

விலங்கியல் ஏட்டில் கருப்பையை அழகாக வரைந்து மதிப்பெண் வாங்குகிறோம். வீட்டில் அச்சொல்லை உச்சரிக்க நா எழுவதில்லை! எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் பெண் நான். பெரியம்மாவுக்கு எழுதத் தெரியாது. ஆதலால் கண்ட நாள், அளவு, வலி யாவையும் ஒரு நோட்டில் குறித்தேன். அடுத்த தவணைக்குக் காத்திராமல் அழைத்துச் சென்றோம். சோதித்துவிட்டுக் கதிர்வீச்சின் விளைவுதான் என்றார்கள்.

நாட்டு நலப்பணித் திட்ட முகாம்களில் மரம் நடுகிறோம், நல்லதுதான். ஒரு மாலையில், பெண்களை மட்டும் அமர்த்தி, மாணவியர் நாமே இதைப் பேசினால் என்ன?