சிரிச்சுக்கிட்டே கேளு

கல்லூரிக் கடைசி வருஷம் பிளேஸ்மென்ட் ட்ரெய்னிங்கில் எங்களை நடிக்க விட்டார்கள். நான் மேனேஜர், நண்பன் லீவு கேட்கும் ஊழியன். அவன் குரல் கொஞ்சம் உயர்ந்ததும் பயிற்சியாளர் நிறுத்தினார்: "டோன் சரியில்லப்பா, சிரிச்சுக்கிட்டே கேளு." மூன்றாவது தடவை சிரித்தான். கைதட்டினோம். லீவு மட்டும் கிடைக்கவில்லை.

நாடகத்தைப் பாதியில் நிறுத்தும் இந்த உத்தி பிரேசிலின் அகஸ்தோ போவாலை ஞாபகப்படுத்துகிறது. 1971இல் ராணுவ அரசு அவரைச் சிறைப்பிடித்துச் சித்திரவதை செய்தது. பிறகு நாடுகடந்து வாழ்ந்தபோது, 1973இல் பெருவின் எழுத்தறிவுத் திட்டத்தில் வேலை செய்தார். அவருடைய ஒடுக்கப்பட்டோர் அரங்கில் 'நிறுத்து' என்று சொல்லும் உரிமை பார்வையாளருக்கு. அவரே மேடையேறி, ஒடுக்கப்பட்டவரின் இடத்தில் நின்று வேறு வழி தேடுவார். எங்கள் வகுப்பில் அந்த உரிமை பயிற்சியாளரின் கையில்.

"அப்போ வேலை வேணாமா?" என்பீர்கள். வேணும். வீட்டில் முதல் பட்டதாரியான ஒருவருக்கு நாடகம் குரலைத் திறந்துவிடும். அதை நான் மறுக்கவில்லை. திறந்த குரலுக்கு உடனே சைலன்சர் மாட்டுவதைத்தான் கேட்கிறேன். பணிவாகக் கேட்கப் பழக்குகிறீர்கள், சரி. மறுக்கவும் பழக்குவீர்களா?

அன்றைக்கு மேனேஜராக நடித்த எனக்கு டோன் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.