போலீஸுக்கு போலீஸே ஃபைன் போடுவாரா? சட்டம் சொல்வது ரெண்டு மடங்கு!

மூலனூர் வழியாக தாராபுரம் - கரூர் ரோட்டில் பைக் ஓட்டுபவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எதிரே வருபவர் ஹெட்லைட்டை ரெண்டு தடவை அடித்துக் காட்டினால், முன்னால் செக்கிங் நிற்கிறது என்று அர்த்தம். உடனே டேங்க் மேல் கிடக்கும் ஹெல்மெட் தலைக்கு ஏறிவிடும். பயம் நியாயமானதுதான். தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் இருந்து ஹெல்மெட் இல்லாவிட்டால் 1,000 ரூபாய். பனியன் கம்பெனிக்கு செக்கிங், கைமடி வேலைக்குப் போகிற ஒருவருக்கு அது ஏறக்குறைய ரெண்டு நாள் சம்பளம்.

என் சித்தப்பா ஒரு முறை இப்படி மாட்டினார். எந்த ஊர் என்பது இங்கே வேண்டாம். அவர் பணம் கட்டிக்கொண்டு இருக்கும்போதே, காக்கி பேன்ட்டும் கலர் சட்டையும் போட்ட ஒருவர் வெறுந்தலையோடு பைக்கில் வந்தார். ஒரு தலையசைப்பு, ஒரு சிரிப்பு, போய்விட்டார். சித்தப்பா இன்றைக்கும் அந்த 1,000 ரூபாயைப் பற்றிப் பேசுவதில்லை. அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் பேசுவார்.

சரி, சட்டத்தில் போலீஸுக்கு விலக்கு இருக்கிறதா? இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 129-வது பிரிவில் ஹெல்மெட்டுக்கு விலக்கு தலைப்பாகை கட்டிய சீக்கியர்களுக்குத்தான். காக்கிச் சட்டைக்குக் கிடையாது. அது மட்டுமல்ல, 2019 செப்டம்பர் 1-ல் அமலுக்கு வந்த திருத்தத்தில் 210B என்று ஒரு புதிய பிரிவு சேர்ந்தது. இந்தச் சட்டத்தை அமல்படுத்தும் அதிகாரம் உள்ளவர்களே அதை மீறினால், அபராதம் ரெண்டு மடங்கு. நமக்கு 1,000 என்றால் அவர்களுக்கு 2,000. டியூட்டியில் இல்லாதபோதும் இது பொருந்துமா என்று சட்டம் பிரித்துச் சொல்லவில்லை. ஆனால் டெல்லி போக்குவரத்து போலீஸ் அந்த மாதமே, அரசு வண்டியோ சொந்த வண்டியோ, மீறும் போலீஸாருக்கு ரெண்டு மடங்குதான் என்று உத்தரவு போட்டது. அதுதான் சரியான வாசிப்பு என்று நினைக்கிறோம்.

2022-ல் பெங்களூரு ஆர்.டி. நகர் போக்குவரத்து போலீஸ் ஒரு ஃபோட்டோ போட்டார்கள். அரை ஹெல்மெட் மாட்டிய போலீஸ்காரருக்கு இன்னொரு போலீஸ்காரர் ஃபைன் எழுதும் படம். அது செம வைரல். "ஃபோட்டோவுக்காகப் பிடித்தீர்களா?" என்று கிண்டலும் வந்தது. போலீஸ் போலீஸைப் பிடிப்பது ஒரு செய்தியாகிறது என்பதிலேயே, அது எவ்வளவு அபூர்வம் என்று தெரிந்துவிடுகிறது.

நாங்குநேரி பஸ் ஞாபகம் இருக்கா?

2024 மே மாதம். நாங்குநேரியில் அரசு பஸ் ஏறிய ஒரு காவலர், சீருடையில் இருக்கிறேன், டிக்கெட் எடுக்க மாட்டேன் என்று கண்டக்டரோடு வாக்குவாதம் செய்தார். வீடியோ பரவியது. வாரண்ட் இருந்தால்தான் இலவசப் பயணம் என்றது போக்குவரத்துத் துறை. காவலர் பக்கமும் ஒரு காரணம் இருந்தது. மாவட்டத்துக்குள் அடையாள அட்டையைக் காட்டிப் பயணிக்கலாம் என்று 2021-லேயே சட்டமன்றத்தில் அறிவித்திருந்தார்கள், அது நடைமுறைக்கு வராமலே கிடந்தது.

அடுத்து நடந்ததுதான் நம் கேள்விக்கு முக்கியம். பல ஊர்களில் அரசு பஸ்களுக்கு ஃபைன் மேல் ஃபைன் விழுந்தது. நோ பார்க்கிங், டிரைவர் சீட் பெல்ட் போடவில்லை என்று வரிசையாக. ரெண்டு துறைச் செயலாளர்களும் பேசி முடித்து, காவலரும் கண்டக்டரும் கட்டிப்பிடித்த வீடியோ வந்த பிறகுதான் அடங்கியது. அந்த பஸ்கள் அதற்கு முந்தின வாரமும் அதே இடத்தில்தான் நின்றன. ஆக, அரசாங்க வண்டிக்கு ஃபைன் போட முடியாது என்பதில்லை. போடணும் என்று நினைத்தால் ஒரே நாளில் போட முடிகிறது.

அப்படியானால் சக போலீஸிடம் மட்டும் ஏன் கை வருவதில்லை? ரோட்டில் நிற்கிற எஸ்.எஸ்.ஐ. இடத்தில் இருந்து யோசித்துப் பாருங்கள். இன்றைக்கு மறித்தவரின் ஸ்டேஷனுக்கே நாளைக்கு டிரான்ஸ்ஃபர் ஆகலாம். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 2011-ல் ஒரு பெண் ரோந்து அதிகாரி, மணிக்கு சுமார் 190 கிலோமீட்டர் வேகத்தில் போன மயாமி போலீஸ் காரைத் துரத்திப் பிடித்தார். ஓட்டியவர் போய்க்கொண்டிருந்தது அவசர வேலைக்கு இல்லை, டியூட்டி முடிந்த பிறகு பார்க்கும் பகுதிநேர வேலைக்கு. அதற்கப்புறம் 80-க்கும் மேற்பட்ட போலீஸார் அந்தப் பெண் அதிகாரியின் லைசென்ஸ் விவரங்களை ரகசியமாக எடுத்துப் பார்த்தார்கள். தொந்தரவு போன்கள் வந்தன. அவர் வழக்குப் போட வேண்டியதாயிற்று.

அந்த ஊர்ப் பத்திரிகையான 'சன் சென்டினல்' இதை வேறு மாதிரி அணுகியது. போலீஸ் கார்கள் டோல்கேட் கடந்த நேரங்களை வாங்கி, தூரத்தை நேரத்தால் வகுத்து வேகத்தைக் கணக்குப் போட்டார்கள். ஏறக்குறைய 800 பேர் சிக்கினார்கள். 2013-ல் அந்தத் தொடருக்குப் புலிட்சர் விருது. அங்கே எந்தப் போலீஸும் இன்னொரு போலீஸை மறிக்க வேண்டியிருக்கவில்லை. டோல்கேட் மெஷினுக்கு யார் முகமும் தெரியாது. நம்மிடமும் ஃபாஸ்டேக் இருக்கிறது, சிக்னல் கேமரா இருக்கிறது, இ-சலான் இருக்கிறது. எத்தனை சலான் 210B-யின் கீழ் போட்டார்கள் என்று பிரித்து எண்ணி மாவட்ட வாரியாக வெளியிடுவதில் தொழில்நுட்பச் சிக்கல் எதுவும் இல்லை. அதைச் செய்யும்படி காவல் துறையைக் கேட்கிறோம்.

அதுவரைக்கும் நீங்களே கேட்கலாம். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணம், 30 நாளில் பதில் தர வேண்டும். மனுவில் யார் பெயரும் கேட்காதீர்கள், தனிப்பட்ட தகவல் என்று தள்ளிவிட வாய்ப்பு உண்டு. எண்ணிக்கை மட்டும் போதும்: "2019 செப்டம்பர் முதல் இன்று வரை, மோட்டார் வாகனச் சட்டம் 210B பிரிவின் கீழ் உங்கள் மாவட்டத்தில் விதித்த அபராதங்கள் எத்தனை, வசூலான தொகை எவ்வளவு, ஆண்டு வாரியாகத் தரவும்." திருப்பூர் மாவட்டத்துக்கு இதே கேள்வியை நாங்கள் அனுப்புகிறோம். பதில் வந்ததும் இதே பக்கத்தில் போடுகிறோம்.