கௌதாரியின் குரல்

நுழையும்முன்

வேட்டை ஓரிடத்தில் பறவையினத்தைக் காக்கத் துணைநிற்கலாம். வேறோரிடத்தில் அதையே அழிக்கவும் செய்யலாம். இவ்வேறுபாட்டை அறியப் பறவையின் வாழ்வையும் அதனோடு வாழும் மக்களின் நிலையையும் ஒருசேர எண்ணிப் பார்க்க வேண்டும்.

குற்றால மலையில் பிறக்கும் சிற்றாறு, தென்காசியைக் கடந்து வீரகேரளம்புதூர் வட்டத்தின் வயல்களை நனைத்துச் சென்று தாமிரபரணியில் கலக்கிறது. ஆற்றுநீர் பாயும் நன்செய்க்கு அப்பால் உடைமரங்களும் புதர்களும் மண்டிய புன்செய் விரிகிறது. அங்கே விடியற்பொழுதில் கணீரென ஒலிப்பது கௌதாரியின் குரல். இணையை அழைக்கவும் தன் எல்லையை உணர்த்தவும் எழும் அக்குரலே, அதன் இருப்பிடத்தை வேடனுக்குக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. கூண்டிலிட்ட கௌதாரியைக் கூவச் செய்து, அக்குரலை நாடி வரும் பறவையைக் கண்ணியில் சிக்கவைப்பது நெடுநாள் வழக்கம். இவ்வாறு வேட்டைக்கெனப் பழக்கிய உயிரைப் 'பார்வை' என்னும் சொல்லால் சங்க இலக்கியம் குறிக்கிறது.

சட்டமும் ஒரு வினாவும்

1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், தொடக்கத்தில் உரிமம் பெற்று வேட்டையாட இடமளித்தது. 1991-ஆம் ஆண்டுத் திருத்தம் அவ்வாயிலை அடைத்தது. கொல்வது மட்டுமன்று, பொறிவைத்துப் பிடிப்பதும், காட்டுப்பறவையின் கூட்டைக் கலைப்பதும், முட்டையை எடுப்பதும் வேட்டை என்றே அச்சட்டம் கூறுகிறது.

'அமெரிக்காவில் உரிமம் பெற்று வேட்டையாடுகின்றனரே, அங்குப் பறவைகள் பெருகவில்லையா?' என்று சிலர் வினவுவதுண்டு. இவ்வினா புறந்தள்ளத்தக்கதன்று. வரைமுறையற்ற வேட்டையாலும் காடழிப்பாலும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அருகிப்போன காட்டு வான்கோழி, அந்நாட்டில் இன்று பல இலட்சமாகப் பெருகியுள்ளது. துப்பாக்கி, தோட்டா ஆகியவற்றின் மீதான வரியைக் காட்டுயிர் மீட்புக்கு ஒதுக்கும் சட்டம் 1937-இல் இயற்றப்பட்டது. பறவைகள் பிடிக்கப்பட்டு, அவை அற்றுப்போன காடுகளில் மீண்டும் விடப்பட்டன. இளவேனில் வேட்டையில் பெரும்பாலும் சேவல்களை மட்டுமே சுடலாம். எத்தனை சுடலாம் என்பதற்கும் வரம்புண்டு. அவ்வாறிருந்தும், அண்மை ஆண்டுகளில் எண்ணிக்கை குறைந்தபோது தென்கிழக்கு மாநிலங்கள் சில, வேட்டைப் பருவத்தின் தொடக்கத்தைத் தள்ளிவைத்தன.

இரண்டும் ஒன்றல்ல

காட்டு வான்கோழிச் சேவல் ஒன்று பல பெட்டைகளோடு இணையும். அடைகாப்பதும் குஞ்சு வளர்ப்பதும் பெட்டையின் பணி. எனவே, சேவல்களிற் சில குறைந்தாலும் அடுத்த தலைமுறை பிழைத்துக்கொள்ளும். கௌதாரியோ இணையாக வாழும் பறவை. புதரடியில், வெறுந்தரையில் முட்டையிடும் அதன் குடும்பத்தில் ஒன்றை இழப்பது மற்றதையும் குஞ்சுகளையும் பாதிக்கும். கண்ணிக்கு ஆண், பெண் என்னும் வேறுபாடு தெரியாது, பருவமும் தெரியாது. எத்தனை பறவைகள் உள்ளன என்ற கணக்கும், எத்தனை பிடிபடுகின்றன என்ற கணக்கும் இல்லாத இடத்தில் நிகழும் வேட்டையை, வரம்புக்குட்பட்ட வேட்டையோடு ஒப்பிடுதல் பொருந்தாது.

சுவைக்காகவே வேட்டை என்பாருக்குப் பண்ணைகளில் வளரும் சப்பானியக் காடை எளிதில் கிடைக்கிறது. காட்டுக் கௌதாரியோ தானியத்தோடு கறையானையும் வண்டுகளையும் தின்று உழவனுக்கு ஊதியமின்றி உழைக்கிறது.

உழவரின் குறை

எனினும், பறவையால் உழவருக்குத் துன்பமே இல்லை என்பது உண்மையாகாது. 1963-இல் நாட்டின் தேசியப் பறவையாக அறிவிக்கப்பட்ட மயில், இன்று விளைநிலங்களில் விதைகளைக் கிளறியும் கதிர்களைக் கொத்தியும் இழப்பை உண்டாக்குகிறது. கடன்பட்டு விதைத்தவருக்கு அது சிறிய இழப்பன்று. மயிலுக்குப் போர்வை ஈந்த பேகனைப் போற்றும் சமூகம், அப்போர்வையின் விலையை ஏழை உழவர் மட்டுமே செலுத்த வேண்டும் என எதிர்பார்த்தல் அறமாகாது. உரிய இழப்பீடு காலத்தோடு கிடைத்தால், நஞ்சிட்ட தானியம் வயலில் இறையாது.

ஊரே காவல்

காவலுக்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டியதில்லை. அண்டை மாவட்டமான திருநெல்வேலியில், 1994-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கூந்தன்குளத்தில், வீட்டு முற்றத்து மரங்களிலும் பறவைகள் கூடுகட்டுகின்றன. அவற்றை அச்சுறுத்தாதிருக்க ஊரார் வெடி வெடிப்பதைத் தவிர்க்கின்றனர்; பறவை எச்சம் கலந்த குளத்து வண்டல் வயலுக்கு உரமாகிறது. தாமிரபரணிக் கரையிலுள்ள திருப்புடைமருதூர், 2005-இல் பறவைகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அங்குக் கோயிலைச் சூழ்ந்த மருத மரங்கள் பறவைகளின் உறைவிடமாயின. இவ்வூர்களில் சட்டம் வருமுன்னரே மக்களின் மனம் காவலாய் நின்றது.

நீர்ப்பறவைக்குக் கிடைத்த அப்பரிவு புன்செய்ப் பறவைக்கும் உரியது. வரப்போரப் புதர்களை முற்றிலும் தீயிட்டு அழிக்காது விடுதல், கண்ணியைக் கண்டால் வனத்துறைக்குத் தெரிவித்தல், காட்டுப்பறவை இறைச்சியை வாங்க மறுத்தல் ஆகியன பள்ளி மாணவராலும் இயலும் செயல்கள். வாங்குவோர் இல்லையேல் கண்ணி வைப்போரும் இல்லை. சிற்றாற்றங்கரையில் நாளைய விடியலிலும் கௌதாரி கூவுமா என்பதை, இன்று ஊரார் எடுக்கும் முடிவே உறுதிசெய்யும்.