தொப்புள்கொடி ரத்தம் காப்பீடு ஆகாது

பிறக்கும்போதே தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமித்துவிட்டால், பின்னாளில் அந்தக் குழந்தைக்கு எந்தப் பெரிய நோய் வந்தாலும் அதன் ரத்தத்தைக் கொண்டே குணப்படுத்திவிடலாம் என்ற நம்பிக்கை நடுத்தரக் குடும்பங்களில் வேரூன்றிவிட்டது. பிரசவ நாளை எதிர்பார்த்திருக்கும் தம்பதியிடம் ‘உயிர்க் காப்பீடு’ என்று சொல்லி இதற்குப் பல்லாயிரம் ரூபாய் வாங்குகிறார்கள். ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை சந்தேகத்துக்கு இடமின்றி உயிர் காப்பது, வெள்ளணுக்களில் பரம்பரைக் கோளாறோடு பிறக்கும் குழந்தைகளுக்கு. அவர்கள் விஷயத்திலேயே இந்த நம்பிக்கை அடியோடு பொய்த்துப்போகிறது.

‘ஸ்கிட்’ என்னும் கடும் நோயெதிர்ப்புக் குறைபாட்டில் டி செல்கள் உருவாவதே இல்லை; உருவானாலும் வேலை செய்வதில்லை. நாள்பட்ட கிரானுலோமா நோயில் வெள்ளணுக்கள் கிருமியை விழுங்கும், ஆனால் கொல்ல முடியாது. இவற்றுக்குக் காரணமான மரபணுப் பிழை கருவிலேயே வந்துவிடுவதால், தொப்புள்கொடி ரத்தத்தின் ஸ்டெம் செல்களிலும் அது இருக்கும். அந்த ரத்தத்தை அதே குழந்தைக்கு ஏற்றினால் அதே நோய்தான் மறுபடி வளரும். 1968இல் மினசோட்டாவில் ராபர்ட் குட் குழுவினர் ஸ்கிட் குழந்தையைக் காப்பாற்றியது சகோதரியின் எலும்பு மஜ்ஜையைக் கொண்டு. 1988இல் பாரிஸில் எலியான் குளுக்மன் செய்த உலகின் முதல் தொப்புள்கொடி ரத்த மாற்றிலும், ஃபான்கோனி ரத்தசோகைச் சிறுவனுக்குக் கொடுக்கப்பட்டது அவனுடைய தங்கையின் ரத்தம். இத்துறையின் தொடக்க வெற்றிகளே அடுத்தவர் செல்லால் கிடைத்தவை.

அப்படியானால் உடன்பிறந்தவருக்குப் பயன்படுமே என்பார்கள். பயன்படலாம், முழுப் பொருத்தம் அமைய நான்கில் ஒரு வாய்ப்பு. வீட்டில் ஏற்கெனவே நோயுற்ற பிள்ளை இருந்தால் அடுத்த பிரசவத்தில் ரத்தத்தைச் சேமிக்க மருத்துவர்களே சொல்வார்கள். அந்தத் தேவையே இல்லாத லட்சக்கணக்கான குடும்பங்கள் சேமிப்பதை இது நியாயப்படுத்தாது. ரத்தப் புற்றுநோய்க்கு உதவும் என்பதும் நிற்காது: குழந்தைகளுக்கு வரும் சில லுகேமியாக்களின் முதல் மரபணு மாற்றம் கருப்பையிலேயே நிகழ்கிறது. நாளைய மரபணு சிகிச்சைக்கு வேண்டும் என்றால், அதற்கான செல்களைத் தேவைப்படும் நாளில் குழந்தையின் மஜ்ஜையிலிருந்தே எடுக்கலாம். வருங்காலத்தில் தனக்கே பயன்படுத்தவென்று சேமிப்பதற்கு அறிவியல் அடிப்படை இல்லை என இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தெளிவாகக் கூறிவிட்டது. பொருந்தும் கொடையாளர் வேண்டுமென்றால் பலரும் பதிவுசெய்யும் பொதுப் பதிவேடுகளே வழி. சென்னையிலிருந்து இயங்கும் ‘தாத்ரி’ அப்படிப்பட்டது.

பணம் வீணாவதைவிட, பெற்றோரின் கவனம் தவறான இடத்துக்குப் போவதுதான் என்னை வருத்துகிறது. ஸ்கிட் குழந்தையின் தலைவிதியைத் தீர்மானிப்பது காலம். மூன்றரை மாதத்துக்குள் மாற்று செய்யப்பட்ட குழந்தைகளில் 94 சதவீதம் பேர் ஐந்தாண்டுக்குப் பின்னும் உயிரோடு இருந்ததாக 2014இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. அந்த வயதைக் கடந்து, தொற்றோடு சிகிச்சைக்கு வந்தவர்களில் பாதிப் பேரே பிழைத்தார்கள். அதனால்தான் விஸ்கான்சின் மாநிலம் 2008இல் எல்லாப் பச்சிளங்குழந்தைகளுக்கும் குதிகால் ரத்தத் துளியில் ஸ்கிட் பரிசோதனையைத் தொடங்கியது. பத்தாண்டில் அமெரிக்கா முழுவதும் வந்துவிட்டது. இங்கே அது பொது நடைமுறையாகவில்லை. பிறந்தவுடன் போடும் பிசிஜி என்னும் காசநோய்த் தடுப்பூசி உயிருள்ள கிருமியால் ஆனது. மற்றக் குழந்தைகளைக் காக்கும் அந்த ஊசி, ஸ்கிட் குழந்தையின் உடலெங்கும் பரவி நோயாகிவிடும். அக்காள் மகளையும் மாமன் மகளையும் மணக்கும் வழக்கமுள்ள நம் பகுதியில், தாய் தந்தை இருவரிடமிருந்தும் பிழையான மரபணு சேரும் வாய்ப்பு கூடுதல். ஆகவே மகப்பேறு மருத்துவர் கேட்க வேண்டிய கேள்வி, முந்தைய பிள்ளையோ நெருங்கிய உறவில் வேறு குழந்தையோ தொற்றுநோயால் கைக்குழந்தைப் பருவத்திலேயே இறந்ததா என்பது. ஆம் என்றால் பிசிஜியை நிறுத்திவைத்து, ரத்த அணுக்களை எண்ணிப் பார்க்க வேண்டும். லிம்போசைட்டுகள் என்னும் வெள்ளணுக்கள் மிகக் குறைந்திருப்பதே பெரும்பாலும் ஸ்கிட்டின் முதல் அடையாளம்; அந்தச் சோதனையைச் சிறிய ஊர் ஆய்வகத்திலும் செய்துவிடலாம்.