இரண்டு ஊரிலும் நாம் இல்லையா?

தேர்தல் நெருங்கினால் பம்பாயில் நமக்கு ஓர் உபதேசம் கிடைக்கும்: "ஓட்டா? உங்கள் ஊருக்குப் போய்ப் போடுங்கள்!" ரயிலேறி ஊருக்குப் போனால் அங்கே இன்னொரு பதில்: "நீங்கள்தான் குடிபெயர்ந்துவிட்டீர்களே!" தாராவியில் தோல் பதனிட்டவனும், மாட்டுங்காவில் இட்லி சுமந்தவனும் எந்த நாட்டுக் குடிமக்கள் என்று கேட்கிறோம்.

சட்டம் தெளிவாக இருக்கிறது. 1950-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 19-ஆம் பிரிவு: 18 வயது நிரம்பியவர் வழக்கமாக எங்கே குடியிருக்கிறாரோ அங்கேதான் அவர் வாக்காளர். மொழியைக் கேட்கவில்லை, பட்டாவையும் கேட்கவில்லை. ஊரில் சொந்த வீடு இருப்பதாலேயே ஒருவர் அங்கே குடியிருப்பவராகிவிட மாட்டார் என்கிறது 20-ஆம் பிரிவு. நடைபாதைவாசி விண்ணப்பித்தால் அதிகாரி இரவில் வந்து, அங்கே படுக்கிறாரா என்று பார்த்துச் சேர்க்க வேண்டும் என்பது தேர்தல் ஆணையத்தின் கையேடு. அப்படியிருக்க, "வாடகைப் பத்திரம் இல்லை, போ" என்று விரட்டுவதற்கு இவர்கள் யார்?

(ஊர்க் கோயில் மரியாதை போய்விடுமோ என்று இங்கே பதியத் தயங்கும் பெரியவர்கள் நம்மிடையே உண்டு. தலைக்கட்டு வரி வேறு, வாக்காளர் பட்டியல் வேறு, ஐயா!)

பெயரை நீக்குவதற்கும் முறை உண்டு. டெல்லி, பம்பாய் குடிசைவாசிகளை அந்நியர் என்று சந்தேகித்து நோட்டீஸ் விட்டபோது, 1995-இல் லால் பாபு உசேன் வழக்கில் உச்சநீதிமன்றம் குறுக்கிட்டது. ஏற்கெனவே பட்டியலில் உள்ள பெயருக்கு மதிப்பு உண்டு. காரணம் சொல்லாமல், சான்று காட்ட வாய்ப்புத் தராமல், போலீஸ் அறிக்கையை மட்டும் நம்பி நீக்கக் கூடாது என்றது.

நடந்தது என்ன? 2025 ஆகஸ்டில் பீகாரின் வரைவுப் பட்டியலில் சுமார் 65 லட்சம் பெயர்கள் இல்லை. இறந்தவர்களோடு, "நிரந்தரமாகக் குடிபெயர்ந்தவர்" என்று விடுபட்டவர்களும் அதில் உண்டு. அந்தப் பெயர்களையும் காரணங்களையும் வெளியிட வைக்க உச்சநீதிமன்ற உத்தரவு தேவைப்பட்டது. பீகாரிக்குத்தானே என்று வேடிக்கை பார்த்தவர்கள் உண்டு. நவம்பரில் அதே திருத்தம் தமிழ்நாட்டுக்கு வந்தது.

துபாயில் வேலை செய்யும் குடிமகன், 2010 திருத்தத்தின்படி, சொந்த ஊர் முகவரியிலேயே வாக்காளராகலாம். நமக்கு அதுவும் இல்லை. வெளியூரிலிருந்து ஓட்டுப்போட ஓர் இயந்திரத்தைக் காட்டுவதாக 2023 ஜனவரியில் கட்சிகளை அழைத்தார்கள். அதன்பின் எந்தத் தேர்தலிலும் அது நம்மிடம் வரவில்லை.

ஆகவே குடியிருக்கும் இடத்திலேயே பதிவோம். புதிதாகச் சேரப் படிவம் 6. முகவரி மாற்றப் படிவம் 8. ஒப்புகைச் சீட்டு வாங்காமல் நகராதீர்கள். மறுத்தால் 15 நாளுக்குள் கலெக்டரிடம் மேல்முறையீடு. அங்கும் மறுத்தால் 30 நாளுக்குள் மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியிடம்.