ஏட்டுச் சுரைக்காயா எமது மொழியுரிமை?

தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி என்று 1987-ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது அரசியலமைப்புத் திருத்தம் கூறுகிறது. சிங்களம் நிருவாக மொழியாக உள்ள பகுதிகளிலும் ஒருவர் அரச அலுவலரோடு தமிழில் கருமமாற்றலாம். தமிழிலே மறுமொழி பெறலாம். தமக்கு வழங்கப்படும் ஆவணத்தையோ அதன் மொழிபெயர்ப்பையோ தமிழிற் கோரலாம். 1988-ஆம் ஆண்டின் பதினாறாவது திருத்தம் தந்த 22-ஆம் உறுப்புரை இதனை உறுதி செய்கிறது. வடமேல் மாகாணத்தைச் சேர்ந்த புத்தளம் மாவட்டத்துக்கும் இவ்வுரிமை உரியதே. இருந்தும், கற்பிட்டியில் மரக்கறி பயிரிடும் விவசாயியும் உடப்பில் கடலை நம்பி வாழும் மீனவரும் தமக்கு விளங்காத மொழியில் எழுதப்பட்ட வாக்குமூலத்திலும் காணிப் பத்திரத்திலும் கையொப்பமிடும் நிலை இன்னும் முற்றாக நீங்கியபாடில்லை. சட்டம் உண்டு, உரிமை எங்கே?

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்றனர் எம் முன்னோர். இவ்வுண்மையை எம்மைப்போலவே கசப்போடு கற்றவர்கள் ஐக்கிய அமெரிக்காவின் கறுப்பின மக்கள். சட்டத்தின் முன் யாவரும் சமம் என்று 1868-லும், நிறம் பற்றி வாக்குரிமை மறுக்கலாகாது என்று 1870-லும் அந்நாட்டு அரசியலமைப்பு திருத்தப்பட்டது. ஆயினும், தென் மாநிலங்களில் வாக்காளரைப் பதிவு செய்யும் அலுவலரின் மேசையிலே அவ்வுரிமை பறிக்கப்பட்டது. எழுத்தறிவுச் சோதனை என்றனர், வாக்குவரி என்றனர், காரணங்கள் பல, நோக்கம் ஒன்றே. வாக்குரிமைச் சட்டம் 1965-ல் நிறைவேறும்வரை, தொண்ணூற்றைந்து ஆண்டுகள், அரசியலமைப்பின் சொல் பெரும்பாலும் சொல்லாகவே கிடந்தது.

அந்த நிலையை மாற்றியது எது? நீதிமன்றம் மட்டுமா? பள்ளிகளில் நிறப்பிரிவினை செல்லாது என்று அமெரிக்க உயர் நீதிமன்றம் 1954-ல் தீர்ப்பளித்தது மெய்யே. ஆனால் மறு ஆண்டு டிசம்பரில் மொன்ற்கொமறி நகர மக்கள் பேருந்துகளைப் புறக்கணித்து 381 நாட்கள் உறுதி குலையாது நின்றனர் என்பதை மறந்துவிடலாகாது. நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. வீதியில் மக்கள் நடந்தனர். மோட்டார் வண்டி உடையோர் இல்லாதோரைத் தம் வண்டியில் ஏற்றிச் சென்றனர். இரண்டும் சேர்ந்தே வெற்றியைத் தந்தன.

எமது வரலாற்றிலோ இவ்விரண்டும் சேரவில்லை. தனிச் சிங்களச் சட்டம் 1956-ல் வந்தது. அதன் கீழ், சிங்களத் தேர்ச்சி பெறவில்லை என்ற காரணத்தால் அரசாங்க எழுதுவினைஞர் கோடீஸ்வரனுக்குச் சம்பள உயர்வு மறுக்கப்பட்டது. அவர் வழக்குத் தொடுத்தார். கொழும்பு மாவட்ட நீதிமன்றம் 1964-ல் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. உயர் நீதிமன்றம் 1967-ல் அதனை மாற்றியது. அரசாங்க ஊழியர் தம் சம்பளத்துக்காக வழக்காடலாம் என்று இலண்டன் பிரிவி கவுன்சில் 1969-ல் தீர்த்து, மொழிச்சட்டம் செல்லுமா என்ற மூலவினாவை இலங்கைக்கே திருப்பி அனுப்பியது. அதற்கு விடை கிடைக்குமுன் 1972-ஆம் ஆண்டின் அரசியலமைப்பு வந்தது. சிறுபான்மையோருக்குக் காப்பாயிருந்த 29-ஆம் பிரிவு மறைந்தது. தனியொருவரின் வழக்கு எத்துணை வலிதாயினும், அதிகாரம் அவர் காலடி நிலத்தையே பெயர்த்துவிட வல்லது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இன்று சட்டம் எம் பக்கம் நிற்கிறது. நிற்பது போதாது, அதை நடக்கச் செய்வோர் வேண்டும். "தமிழில் மனுக் கொடுத்தால் கருமம் தாமதப்படும், ஒருநாட் கூலி போய்விடும்" என்று எம்மவர் சொல்வது பொய்யன்று. ஆனால் தாமதத்துக்கு அஞ்சி ஒவ்வொருவரும் விட்டுக்கொடுத்தால், தமிழ் தெரிந்த அலுவலர் தேவையில்லை என்பதற்கு அதுவே அத்தாட்சியாகிவிடும். கேட்பாரில்லாத மொழிக்கு அலுவலகத்தில் நாற்காலி கிடையாது. அலுவலகத்திலிருந்து நீங்கிய மொழி பள்ளியிலிருந்தும், பின்னர் வீட்டிலிருந்தும் நீங்கும். சிலாபத்துக்குத் தெற்கே நீர்கொழும்பு வரையுள்ள கரையோரத்தில் தமிழ் பேசிய குடும்பங்கள் பல சென்ற நூற்றாண்டில் சிங்களத்துக்கு மாறியமை யாவரும் அறிந்ததே. தமிழ்ப் புலவர்களின் வரலாற்றை 1859-ல் ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்ட சைமன் காசிச்செட்டி பிறந்தது கற்பிட்டியிலேதான். அந்த மண்ணில் தமிழ் விருந்தாளியன்று.

இவ்வுரிமை எவரிடமிருந்தும் பறித்துப் பெறுவதுமன்று. வடக்கிலும் கிழக்கிலும் வாழும் சிங்கள மக்களுக்குத் தம் மொழியிற் கருமமாற்றும் உரிமையை அதே உறுப்புரை தருகிறது. அது மதிக்கப்படல் வேண்டும். அன்றியும், 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து துரத்தப்பட்ட முஸ்லிம் மக்களுட் பெருந்தொகையினர் புகலடைந்தது இக்கரையிலேதான். அவர்கள் மொழியும் தமிழே. அவர்களுக்கு இழைக்கப்பட்டது அநீதி என்று சொல்லத் துணியாதவன் சமத்துவம் பேச அருகதையற்றவன். இந்து, இஸ்லாமியர், கிறித்தவர் என்ற வேறுபாடின்றித் தமிழ் பேசும் மக்கள் யாவரும் ஒரே மனுவிற் கையொப்பமிட்டாலன்றி இக்கருமம் கைகூடாது.

செய்யவேண்டியது யாது? பிரதேச செயலகத்துக்கும் பொலிஸ் நிலையத்துக்கும் செல்வோர் ஊர்ச்சங்கத்தின் வழியே, கூட்டாகத் தமிழில் மனுக் கொடுக்கவேண்டும்; பிரதியைப் பேணவேண்டும்; விளங்காத எதிலும் கையொப்பமிடலாகாது. மறுக்கப்படின் 1991-ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு எழுத்தில் முறையிடவேண்டும். மொழியுரிமை மீறலுக்காக உயர் நீதிமன்றத்தை நாட 126-ஆம் உறுப்புரை வழிவிடுகிறது. ஆனால் ஒரு மாதத்துக்குள் நாடவேண்டும். இத்தவணையை அறியாது உரிமையிழப்போர் இருத்தலாகாது.

கற்றோரை நாம் ஒன்று வேண்டுகிறோம். மொன்ற்கொமறியில் வண்டியுடையோர் வண்டி தந்தனர். எம் வழக்கறிஞரும் ஆசிரியரும் எழுதுவினைஞரும் பேனாவைத் தரட்டும். கிழமைக்கு ஒருநாள் ஊர் வாசிகசாலையில் அமர்ந்து ஏழைக்கு ஒரு மனு எழுதிக் கொடுப்பது பெருந்தியாகமன்று. மேடைப்பேச்சு ஆயிரம் செய்யாததை, தமிழில் எழுதி முத்திரையிடப்பட்ட ஒரு கடிதம் செய்யும். அத்தகைய கடிதங்கள் நூறாக, ஆயிரமாகப் பெருகட்டும்.