பல்மமூசாவில் கொன்றது யார்?

வீடியோ விளையாட்டு ஒன்றைப் பற்றி நான் எழுதப்போகிறேன் என்றால், என்னுடன் ஆசிரியபீடத்தில் இருந்த பழைய நண்பர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். விடுமுறையில் வந்துபோன என் மருமகன், தான் விளையாடும் சிறு கருவியை என்னிடம் விட்டுச் சென்றான். "மாமா, இதிலை சண்டையைவிட அரசியல்தான் கூட. ஒருக்கா விளையாடிப் பாருங்கோ" என்பது அவன் பரிந்துரை. பத்து நாள்கள் நான் அதை எடுத்துப் பார்க்கவில்லை. எடுத்த பிறகு, ஒரு வாரம் பத்திரிகைகளைக்கூட ஒழுங்காக வாசிக்கவில்லை.

விளையாட்டின் பெயர் டாக்டிக்ஸ் ஓகர். 1995 ஒக்டோபரில் யப்பானில் சுப்பர் ஃபமிகொம் கருவிக்காக வெளிவந்தது. குவெஸ்ட் என்ற சிறிய நிறுவனம் தயாரித்தது. எழுதி இயக்கியவர் யசுமி மட்சுனோ. 1998இல்தான் ஆங்கிலத்தில் கிடைத்தது. அதற்குள் மட்சுனோ வேறு நிறுவனத்துக்குச் சென்று, 1997இல் ஃபைனல் ஃபேன்டசி டாக்டிக்ஸ் என்ற விளையாட்டை உருவாக்கிவிட்டார். உலகம் அறிந்தது பின்னதையே. மூத்த பிள்ளை வீட்டிலிருக்க இளைய பிள்ளைக்கு ஊர்கூடிக் கலியாணம் செய்த கதைதான். 2010இலும் 2022இலும் அது புதுப்பித்து வெளியிடப்பட்டது. என் கையில் கிடைத்தது கடைசிப் பதிப்பு.

கதை நிகழும் இடம் வலேரியா என்ற கற்பனைத் தீவுக்கூட்டம். ஒருகாலத்தில் ஓர் அரசன் அத்தீவுகளை ஒன்றாக்கி ஆண்டான். வாரிசின்றி அவன் இறந்ததும் மூன்று இனங்கள் மோதிக்கொள்கின்றன. பெரும்பான்மையினர் கல்கஸ்தானியர். வடக்கில் பழைய உயர்குடியினரான பக்ரம் இனத்தவர். வெளிநாட்டு வல்லரசொன்றின் படை அவர்களுக்கு முண்டு கொடுக்கிறது. மிகச் சிறுபான்மையினர் வலிஸ்டர்கள். வலிஸ்டர் இளைஞன் டெனம், அவனது அக்கா, நண்பன் வைஸ் ஆகிய மூவருடன் கதை ஆரம்பமாகிறது. யூகோஸ்லாவியாவின் உடைவே இக்கதைக்குத் தூண்டுதலாக இருந்ததாக மட்சுனோ பின்னாளில் கூறியிருக்கிறார். விளையாட்டு வெளிவருவதற்கு மூன்று மாதங்களுக்கு முன்னர்தான் ஸ்ரெப்ரெனிட்சாவில் எண்ணாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களும் சிறுவர்களும் கொன்று புதைக்கப்பட்டனர்.

விளையாடும் முறையைச் சற்று விளக்க வேண்டும். களம் சதுரங்கப் பலகைபோலக் கட்டங்களாக இருக்கிறது, ஆனால் தட்டையானதல்ல. மலைச்சரிவும் மதிலும் கூரையும் உண்டு. உயரத்தில் நிற்பவனின் அம்பு வெகுதூரம் செல்லும். பள்ளத்தில் நிற்பவன் பாடு திண்டாட்டந்தான். எதிரியை முகத்துக்கு முன் நின்று தாக்குவதும் முதுகுப்புறமாகத் தாக்குவதும் ஒன்றல்ல. சதுரங்கத்தைப்போல வெள்ளைக்கு ஒருமுறை, கறுப்புக்கு ஒருமுறை என்ற ஒழுங்கும் இல்லை. பாரமான கவசம் அணிந்தவனுக்கு முறை தாமதமாகவே வரும். இலேசாக நடப்பவனுக்கு விரைவில் வரும். எனவே, யார் எப்போது அசைவார் என்று கணக்கிட்டே ஒவ்வோர் அடியையும் எடுத்துவைக்க வேண்டும். அவசரக்காரர்களுக்கு இது சரிவராது. என்னைப் போன்ற, விரல்கள் மெதுவாக அசையும் வயதினருக்கு மிகவும் தோதானது.

இவையெல்லாம் வேறு விளையாட்டுகளிலும் கிடைக்கக்கூடியவை. இங்கே உங்கள் பத்துப் பன்னிரண்டு போர்வீரர்கள் ஒவ்வொருவருக்கும் பெயரும் இனமும் உண்டு. தன் இனத்தவரை நீங்கள் கொல்லக்கொல்ல அந்த வீரனுக்கு உங்கள்மீதுள்ள விசுவாசம் தேய்கிறது. கல்கஸ்தானியன் ஒருவனைப் பேசி உங்கள் பக்கம் இழுத்துவிடலாம். ஆனால் மறுநாள் அவனுடைய ஊராருக்கு எதிராக அவனை நிறுத்தும்போது, அவன் மனத்தில் என்ன நடக்கிறது என்பதை விளையாட்டு ஓர் இலக்கமாகக் கணக்கில் வைத்திருக்கிறது.

இனி பல்மமூசாவுக்கு வருவோம். முதல் அத்தியாயத்தின் முடிவில் வரும் இடம் அது. கல்கஸ்தானியர் பிடித்து அடைத்துவைத்திருக்கும் ஐயாயிரம் வலிஸ்டர்கள் அங்கே வாழ்கின்றனர். அவர்களைக் கிளர்ந்தெழச் செய்யுமாறு வலிஸ்டர் தலைவரான ரோன்வே பிரபு டெனமை அனுப்புகிறார். மக்கள் மறுக்கிறார்கள். போர் போதும், எங்களை விட்டுவிடுங்கள் என்பதே அவர்களின் பதிலின் சாரம். அப்போதுதான் பிரபுவின் தளபதி லெயோனார் அடுத்த கட்டளையைச் சொல்கிறான்: ஊரார் அனைவரையும் கொன்றுவிட வேண்டும். பழி கல்கஸ்தானியர்மீது விழும். சினங்கொண்டு எஞ்சிய வலிஸ்டர்கள் ஒன்றுதிரள்வார்கள். சிறுபான்மை இனம் வெல்வதற்கு வேறு வழியில்லை.

திரையில் இரண்டு பதில்கள் தோன்றுகின்றன. சம்மதிக்கலாம், மறுக்கலாம்.

நான் மறுத்தேன். உடனே நண்பன் வைஸ் கட்டளையை ஏற்றுக்கொள்கிறான். படுகொலை நடந்தேறுகிறது. அடுத்த அத்தியாயத்தில் என் தலைக்கு விலை வைக்கப்பட்டிருக்கிறது. பல்மமூசாவில் கொன்றவன் நானே என்று நாடெங்கும் செய்தி பரவியிருக்கிறது. சம்மதித்திருந்தால் அதே வைஸ் அதை எதிர்த்து வெளியேறியிருப்பான். கொன்றவர்கள் கல்கஸ்தானியர் என்பது ஊரறிந்த உண்மையாகியிருக்கும். நல்லவன், தீயவன் என்று எவரும் பிறப்பிலேயே வகுக்கப்படவில்லை. நீங்கள் விட்டுச்சென்ற இடத்தில் அடுத்தவன் போய் நிற்கிறான். நாவல்களிலும் இப்படிச் செய்யலாந்தான். ஆனால் நாவலை வாசிப்பவன் பொத்தானை அழுத்தவேண்டியதில்லை.

இவ்விளையாட்டில் வொரன் அறிக்கை என்றொரு பகுதி உண்டு. நடந்த சம்பவங்கள், ஊரில் பேசப்படும் வதந்திகள், ஆட்களைப் பற்றிய குறிப்புகள் எல்லாம் அதில் சேர்ந்துகொண்டே இருக்கும். பத்திரிகைக்காரன் என்பதால் நான் அதைத்தான் முதலில் திறந்து பார்ப்பேன். அதில் கண் ஓடும்போதெல்லாம் ஒரு சொற்றொடர் எனக்கு நினைவுக்கு வந்தது. இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகளை வாசித்த எவருக்கும் அது பழக்கமானது: 'இனந்தெரியாத ஆயுததாரிகள்'. எத்தனை நூறு தடவை அதை எழுதினேனோ, கணக்கில்லை. பிராந்திய நிருபர் தொலைபேசியில் பெயர்களைச் சொல்லிவிட்டு, ஐயா, இதைப் போடாதேங்கோ என்பார். ஊரே அறிந்த இனத்தை நாங்கள் தெரியாததாக்கி அச்சேற்றினோம். சில வேளைகளில் அது நிருபரின் உயிரைக் காத்தது. சில வேளைகளில் கொன்றவனைக் காத்தது. அச்சொல் எந்தத் தரப்புக்கும் பாரபட்சம் காட்டவில்லை. எல்லாரையும் சமமாகவே மறைத்தது. நம்மவர் நம்மவரைக் கொன்ற நாள்களிலும் அதுவே கைகொடுத்தது.

இவ்விளையாட்டின்மீது எனக்கு ஒரு குறையும் உண்டு. 'தம் ஆட்களைத் தாமே கொன்றுவிட்டு எங்கள்மீது பழி போடுகிறார்கள்' என்பது உலகெங்கும் கொலைகாரர்கள் வழக்கமாகச் சொல்லும் மறுப்பு. 1994 பெப்ரவரி 5ஆம் திகதி சரயேவோ நகரின் மார்க்கலே சந்தையில் ஒற்றை மோட்டார்க் குண்டு விழுந்து அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பொஸ்னியத் தரப்பே தன் மக்கள்மீது அதை ஏவியது என்று சேர்பியத் தரப்பு சாதித்தது. முன்னாள் யூகோஸ்லாவியாவுக்கான ஹேக் தீர்ப்பாயம் 2003 டிசம்பரில், காலிச் என்ற சேர்பியத் தளபதியின் வழக்கில், குண்டு சேர்பியப் படையின் பகுதியிலிருந்தே வந்தது என்று தீர்ப்பளித்தது. ஒரு பொய்யை உடைக்க ஏறத்தாழப் பத்தாண்டுகள் சென்றன. பல்மமூசாவை விளையாடிய இளைஞன் ஒருவன், நாளை எந்தப் படுகொலைச் செய்தியைக் கேட்டாலும் 'இவர்களே செய்திருப்பார்கள்' என்று எளிதாகச் சொல்லிவிடக்கூடும். மட்சுனோ அந்த ஆபத்தை எண்ணிப் பார்த்தாரா என்பது விளையாட்டில் தெரியவில்லை. கல்கஸ்தானியரின் உண்மையான கொடுமைகளையும் கதை காட்டுகிறது என்பதை மட்டும் நியாயத்துக்காகச் சொல்லிவைக்கிறேன்.

2010 பதிப்பிலிருந்து புதிய வசதியொன்று சேர்க்கப்பட்டிருக்கிறது. சண்டையில் ஆளை இழந்துவிட்டால் ஐம்பது அசைவுகள் வரை பின்னோக்கிச் சென்று வேறுவிதமாக ஆடலாம். கதையை ஒருமுறை முடித்தவர்கள் முக்கியத் திருப்பங்களுக்கே திரும்பிப் போய் மற்றப் பாதையையும் பார்க்கலாம். மருமகனுடன் பேசியபோது, பல்மமூசாவுக்கு நீ எத்தனை தடவை திரும்பிப் போனாய் என்று கேட்டேன். மூன்று தடவை என்றான். அந்த ஐயாயிரம் பேரைக் காப்பாற்ற வழி கிடைத்ததா என்றேன்.

"இல்லை மாமா. என்ன பதில் சொன்னாலும் அவை சாகினம்."

கருவியை அவனுக்கு இன்னும் திருப்பி அனுப்பவில்லை. இரண்டாம் அத்தியாயத்தில் என் தலைக்கு வைத்த விலை அப்படியே இருக்கிறது.